எஃப்.பி.எல் டிராஃப்ட்: ஹாலண்ட் கிட்டியவன் ஏன் தோற்கிறான்?

ஆகஸ்ட் பிறந்தால் குமரி எல்லையோர வாட்சாப் குரூப்புகளில் ஒரே சண்டை: யாருக்கு முதல் தேர்வு? "லேய் மக்கா, ஹாலண்ட் எனக்குத்தான் கிட்டணும்" என்று, மான்செஸ்டர் சிட்டியின் கோலடி மன்னனைக் கேட்டுக் களியக்காவிளையில் ஒருவன் தொடங்குவான். குலுக்கலில் கள்ளத்தனம் என்பான் கொல்லங்கோட்டுக்காரன். துபாயில் இருப்பவனுக்கு நேரம் ஒத்துவராது. இத்தனை கூத்துக்கும் காரணமான எஃப்.பி.எல் (ஃபேண்டஸி பிரீமியர் லீக்) டிராஃப்ட் பற்றித்தான் இந்த விமர்சனம்: இங்கிலாந்துக் கால்பந்து லீக்கின் நிஜ வீரர்களை முறைவைத்து எடுத்துக் கற்பனை அணி கட்டி, அவர்கள் களத்தில் ஆடுவதை வைத்துப் புள்ளி சேர்க்கும் ஆட்டம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஆறிலிருந்து எட்டு பேர் உள்ள கூட்டாளிகளுக்கு இதைவிட நல்ல ஃபேண்டஸி ஆட்டம் கிடையாது. ஆனால் எல்லாரும் முட்டிமோதும் டிராஃப்ட் ராத்திரிக்கு இந்த ஆட்டத்தில் மதிப்பு குறைவு. பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மதியம், சோறு தின்றுவிட்டுக் கண் அயரும் நேரத்தில்தான் சீசன் கைமாறுகிறது.

தெரியாதவர்களுக்காக. பிரீமியர் லீக் நடத்தும் ஃபேண்டஸி ஆட்டங்களில் நமக்கு வேண்டியவை இரண்டு. எல்லாரும் ஆடும் எஃப்.பி.எல்-லில் 10 கோடி பவுண்டு கற்பனைப் பணம் தருவார்கள். அதற்குள் 15 பேரை வாங்கவேண்டும். அதில் ஹாலண்ட் உங்களிடமும் இருப்பார், பக்கத்து வீட்டுக்காரனிடமும் இருப்பார், மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில் எதிரே நிற்பவனிடமும் இருப்பார். அவர் மூன்று கோல் போட்டாலும் யாருக்கும் கூடுதல் சந்தோஷம் இல்லை. 2017-18 சீசனில் வந்த டிராஃப்ட் ஆட்டத்தில் பணமே கிடையாது. ஒரு லீக்கில் ஒரு வீரர் ஒருவனுக்கு மட்டும்தான். நீங்கள் எடுத்துவிட்டால் மற்றவன் பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்கவேண்டியதுதான். புள்ளியை இரட்டிக்கும் கேப்டன் கிடையாது, வைல்ட்கார்டு போன்ற சிப், அதாவது சிறப்புச் சலுகை, எதுவும் கிடையாது. அணி அதே 15 பேர்: 2 கோல்கீப்பர், 5 டிஃபெண்டர், 5 மிட்ஃபீல்டர், 3 ஃபார்வர்டு. 2 முதல் 16 பேர் வரை லீக்கில் சேரலாம். காசு ஒன்றும் கேட்பதில்லை.

டிராஃப்ட் முறையே அமெரிக்கச் சரக்கு. அங்கே கையால் ஆடுவதைத்தான் ஃபுட்பால் என்கிறார்கள். அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். அந்த ஃபுட்பாலின் பெரிய லீக்கான என்.எஃப்.எல்-லில், கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் முதல் டிராஃப்ட் நடந்தது 1936-ல். பிலடெல்பியா ஈகிள்ஸ் முதலாளி பெர்ட் பெல் கொண்டுவந்த யோசனை: போன சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் தேர்வு. அந்த வருடம் கடைசியில் கிடந்ததும் ஈகிள்ஸ்தான் என்பதால் யோசனை எங்கிருந்து பிறந்தது என்று ஆராயத் தேவையில்லை. முதல் ஆளாக அவர்கள் எடுத்தவர் ஜே பெர்வாங்கர், அந்தக் காலத்தின் பெரிய கல்லூரி நட்சத்திரம். சம்பளம் ஒத்துவராமல் அவர் உரிமையைச் சிகாகோ பேர்ஸுக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கேயும் பேரம் படியவில்லை. என்.எஃப்.எல்-லில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் அவர் போன வேலை என்ன தெரியுமா? நுரை ரப்பர் விற்பனை. உலகத்தின் முதல் டிராஃப்டின் முதல் தேர்வு, பந்தைவிட ரப்பரில் காசு உண்டு என்று கணக்குப் போட்டிருக்கிறார். குலசேகரம், அருமனைப் பக்கத்து ரப்பர்காரர்கள் இன்றைய விலையை வைத்து இதற்கு என்ன சொல்வார்கள் என்று தெரியும். அச்சில் ஏற்ற முடியாது.

இனி கணக்கு. லீக்கில் எத்தனை பேர் என்பதுதான் ஆட்டத்தின் ருசியை முடிவுசெய்கிறது. எட்டு பேர் என்றால் 16 கோல்கீப்பர்கள் போய்விடுவார்கள். மொத்தம் 20 கிளப், அதாவது வாரம்தோறும் இறங்கும் கீப்பர்கள் 20 பேர், மிச்சம் நான்கு. இது நல்ல அளவு. பத்து பேர் சேர்ந்தால் இருபதும் தீர்ந்தது. ஒரு கீப்பருக்குக் காயம் என்றால் மாற்று தேட இடமில்லை. பதினாறு பேர் என்றால் 32 கீப்பர் வேண்டும், அதில் 12 பேர் சீசன் முழுக்க பெஞ்சில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருக்கும் ஆட்கள். ஃபார்வர்டு நிலைமை இன்னும் மோசம். பெரும்பாலான கிளப்புகள் ஒற்றை ஸ்ட்ரைக்கரோடுதான் இறங்குகின்றன. எட்டு பேர் லீக்கிலேயே 24 ஃபார்வர்டு தேவை. தொடர்ந்து ஆடுபவர்கள் ஏறத்தாழ அவ்வளவுதான் தேறுவார்கள். ஆகவே மூன்றாவது ஃபார்வர்டை ஆடாத ஆளாக வைத்துக்கொள்ளத் துணியுங்கள். களத்தில் ஒரு ஃபார்வர்டு, மூன்று டிஃபெண்டர் இருந்தால் போதும். மற்ற இடத்தை ஐந்து மிட்ஃபீல்டர்களையும் இன்னொரு டிஃபெண்டரையும் வைத்து நிரப்பலாம்.

மிட்ஃபீல்டருக்கு இன்னொரு சலுகையும் உண்டு. அவர் கோலுக்கு 5 புள்ளி, ஃபார்வர்டு கோலுக்கு 4. அணி கோல் வாங்காவிட்டால் மிட்ஃபீல்டருக்கு 1 கூடுதல். லிவர்பூலுக்கு ஆடிய சாலா ஓரத்தில் ஓடி கோல் அடித்துக்கொண்டே மிட்ஃபீல்டர் பட்டியலில் இருந்ததால்தான் 2024-25-ல் 344 புள்ளி எடுத்தார்; எஃப்.பி.எல் வரலாற்றில் அதுதான் உச்சம். டிஃபெண்டருக்குக் கோல் வாங்காத ஆட்டத்துக்கு 4, கோல் அடித்தால் 6. 2025-26 முதல் இன்னொன்று சேர்ந்திருக்கிறது: கிளியரன்ஸ், பிளாக், இன்டர்செப்ஷன், டேக்கிள் என்ற தடுப்பு வேலைகளை எல்லாம் கூட்டி ஒரே ஆட்டத்தில் பத்து வந்தால் டிஃபெண்டருக்கு 2 புள்ளி. அடிவாங்கும் அணியின் நடுத் தடுப்பாளர்களுக்கு இதனால் திடீர் மவுசு. பழைய பழக்கத்தில் பெரிய கிளப்பின் டிஃபெண்டர்களை ஐந்தாவது சுற்றிலேயே அள்ளுபவர்களைச் சும்மா விடுங்கள், நமக்கு லாபம்.

தேர்வு வரிசை குலுக்கலில் வரும், சுற்றுக்குச் சுற்று தலைகீழாகத் திரும்பும். எட்டு பேரில் முதலாமவன் எடுத்தபிறகு அவனுக்கு அடுத்த முறை 16-வது, 17-வது தேர்வுகளில்தான். எட்டாமவனுக்கு 8, 9 இரண்டும் அடுத்தடுத்துக் கிட்டும். குரூப்பில் அழுவது எப்போதும் எட்டாமவன். உண்மையில் இடைஞ்சல் முதலாமவனுக்குத்தான். ஹாலண்டை எடுத்துவிட்டு 14 பெயர்கள் பறிபோவதைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். ஹாலண்டுக்குக் காலில் காயம் பட்டால், 2023 டிசம்பரிலிருந்து ஜனவரிக் கடைசி வரை பட்டதுபோல, சீசனின் மிக நெருக்கமான கட்டத்தில் அவன் அணி நொண்டும். ஆடாத ஹாலண்டை வைத்திருந்தவனைவிட, ஹாலண்ட் இல்லாமல் ஆடப் பழகியவன் அந்த இரண்டு மாதத்தில் முந்திக்கொண்டு போய்விடுவான்.

டிராஃப்ட் ராத்திரி ஏற்பாடு. ஒரு தேர்வுக்கு எவ்வளவு நேரம் என்பதை லீக் நிர்வாகி வைக்கவேண்டும். ஒரு நிமிடம் என்று வைத்தால், எட்டு பேர் பெருக்கல் பதினைந்து, 120 தேர்வு, எல்லாரும் முழு நேரத்தையும் தின்றால் இரண்டு மணி நேரம். சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு வைத்தால் துபாயில் ஏழரை, சவுதியில் ஆறரை. வேலை முடிந்து வருபவனும் சேர்ந்துவிடலாம். மழைக்காலத்தில் நம்ம பக்கம் கரண்டு போகாத ராத்திரி உண்டா என்று கேட்காதீர்கள். வைஃபையை நம்பாமல் மொபைல் டேட்டா வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம் வாட்ச்லிஸ்ட். உங்களுக்கு வேண்டிய ஐம்பது அறுபது பெயர்களை முன்கூட்டியே வரிசைப்படுத்தி வைத்துவிட்டால், நெட் போனாலும் அந்த வரிசையிலிருந்து தளமே தானாக எடுத்துக்கொள்ளும். வாட்ச்லிஸ்ட் காலியாக இருந்தால் தளத்தின் சொந்த வரிசைதான். அது உங்களுக்கு யார் வேண்டும் என்றெல்லாம் பார்க்காது.

நேரம் தவறினால் உலகம் முடிந்துவிடாது. 2003 என்.எஃப்.எல் டிராஃப்டில் மினசோட்டா வைக்கிங்ஸ் 7-வது தேர்வுக்கு 15 நிமிடமும் பேரம் பேசிக்கொண்டே இருந்து கடிகாரத்தைக் கோட்டைவிட்டார்கள். அந்த இடைவெளியில் இரண்டு அணிகள் பாய்ந்து ஆளுக்கொருவரை எடுத்துக்கொண்டு போயின. வைக்கிங்ஸ் ஒன்பதாவதாக எடுத்தது கெவின் வில்லியம்ஸை. அவர் பின்னாளில் லீக்கின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவர் ஆனார். தூங்கியவனுக்குப் பாயாசம் கிட்டிய கதை.

இனி விஷயத்துக்கு வருவோம்: வேய்வர். டிராஃப்ட் முடிந்தபின் யாரும் எடுக்காமல் மிஞ்சிய வீரர்களை வாரம்தோறும் எடுத்துக்கொள்ளலாம், அதே இடத்தில் ஆடும் ஒருவரை விட்டுவிட்டு. இது இரண்டு கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில் எல்லாரும் யார் வேண்டும், யாரை விடவேண்டும் என்று ரகசியமாக வரிசை எழுதி வைக்கவேண்டும். கேம்வீக், அதாவது அந்த வார ஆட்டச்சுற்றின், கெடுவுக்குச் சரியாக 24 மணி நேரம் முன்பு தளம் அதைத் திறந்து பங்கிடும். முதல் வாரம் டிராஃப்டில் கடைசியாக எடுத்தவனுக்கு முன்னுரிமை. அதன்பின் அட்டவணையில் கடைசியில் கிடப்பவனுக்கு. நம்ம ஊர் சீட்டுபோலத்தான், யாருக்கு நெருக்கடி அதிகமோ அவன் கை முதலில் விழும். பங்கீடு முடிந்த நிமிடத்திலிருந்து கெடு வரை இரண்டாம் கட்டம்: மிச்சம் இருப்பவர்களை முந்தியவன் எடுத்துக்கொள்ளலாம்.

இந்த நேரங்களை இந்தியக் கடிகாரத்துக்கு மாற்றி வைத்துக்கொள்ளாதவன்தான் தோற்கிறான். கெடு என்பது வாரத்தின் முதல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பு. சனிக்கிழமை இங்கிலாந்தில் பகல் 12:30 ஆட்டத்தோடு வாரம் தொடங்கினால், கோடையில் நமக்கு மாலை 5 மணி ஆட்டம், கெடு 3:30, அப்படியானால் வேய்வர் வெள்ளிக்கிழமை மதியம் 3:30. வெள்ளி ராத்திரி ஆட்டம் இருந்தால் அது நமக்கு நள்ளிரவு 12:30. கெடு வெள்ளி ராத்திரி 11. வேய்வர் வியாழன் ராத்திரி 11. அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் திருப்புவார்கள். அதன்பின் எல்லாவற்றோடும் ஒரு மணி நேரம் கூட்டுங்கள். மார்ச் கடைசி ஞாயிறு பழையபடி ஆகிவிடும். நவம்பர் முதல் வாரத்தில் பாதிப்பேர் இதில் குழம்புவார்கள், ஆனால் இந்தக் குழப்பம் மட்டும் நமக்குச் சாதகம்: கெடு பிந்துகிறதே தவிர முந்துவதில்லை. மார்ச்சில்தான் அடி விழும்.

ஏன் வெள்ளி மதியம் முக்கியம் என்றால், பயிற்சியாளர்கள் பலர் பத்திரிகையாளர்களைச் சந்திப்பது வெள்ளிக்கிழமை அங்கே பிற்பகலில், நமக்கு மாலை ஐந்து ஆறு மணிவாக்கில். யாருக்குத் தொடையில் பிடிப்பு, யார் இந்த வாரம் இல்லை என்பது அப்போதுதான் வெளியே வரும். அதற்குள் வேய்வர் முடிந்திருக்கும். ஆகவே காயச் செய்தியை வைத்து வேய்வர் எழுத முடியாது. ஆட்டத்தைப் பார்த்து எழுதவேண்டும். புதிதாக 90 நிமிடமும் ஆடத் தொடங்கியவன் யார், பெனால்ட்டி எடுப்பவன் மாறினானா, கார்னர் யார் அடிக்கிறான், இவை மூன்றையும் பார்த்தால் போதும். செய்தி வந்தபின் ஆறு மணியிலிருந்து நடப்பது வேகப்பந்தயம். நட்சத்திரம் இல்லை என்று தெரிந்ததும் அவர் இடத்தில் இறங்கப்போகும் பையனை முதலில் தட்டி எடுப்பவனுக்கு யோகம். சவுதி, குவைத்தில் இருப்பவர்களுக்கு வெள்ளி லீவு. இந்தப் பந்தயத்தில் அவர்கள் ஒரு படி மேலே நிற்பதற்குக் காரணம் அதுதான்.

வாரநடு ஆட்டங்கள் தனிக் கண்ணி. குளிர்காலத்தில் செவ்வாய் மாலை அங்கே 7:30 ஆட்டம் நமக்குப் புதன் அதிகாலை 1 மணி. கெடு செவ்வாய் ராத்திரி 11:30, வேய்வர் திங்கள் ராத்திரி 11:30. ஞாயிறு ராத்திரி வரை ஆட்டம் பார்த்துவிட்டு "செவ்வாய்க்குத்தானே, பாப்போம்" என்று திங்கள்கிழமையை விடுபவன் கையில் ஒன்றும் மிஞ்சாது.

இதற்குச் சாட்சி வேண்டுமா? மிட்ஃபீல்டர் கோல் பாமர் செல்சி கிளப்புக்கு வந்தது 2023 செப்டம்பர் 1. அதற்குள் டிராஃப்டுகள் எல்லாம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மான்செஸ்டர் சிட்டியில் பெஞ்சில் இருந்த பையனை யார் எடுத்திருப்பார்? வேய்வரில் பொறுக்கியவனுக்கு 22 லீக் கோலும், அந்த சீசனில் எஃப்.பி.எல்-லின் முதலிடமான 244 புள்ளியும் கிட்டின. 2024-25-ல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டின் கிறிஸ் வுட் 20 கோல். அவர் பெயரைக் கடைசிச் சுற்றுகளில் சிரித்துக்கொண்டே எடுத்தவர்கள் பிறகு சிரித்தார்கள், வேறு மாதிரி. என்.எஃப்.எல்-லில் டிராஃப்டின் கடைசி ஆளுக்கு ஒரு கேலிப் பட்டமே உண்டு. கையிலிருந்து பந்தைத் தவறவிடும் வீரனின் உருவம் பொறித்த கோப்பையும் கொடுப்பார்கள். 2022-ல் அந்தப் பட்டம் 262-வதாக எடுக்கப்பட்ட பிராக் பர்டிக்கு. இரண்டே வருடத்தில், 2024 பிப்ரவரியில், அவர் தன் அணியோடு சூப்பர் பௌல் இறுதியில் நின்றார்.

நம்ம நாட்டிலும் இது நடந்தது. இந்தியக் கால்பந்து லீக்கான ஐ.எஸ்.எல் 2017 ஜூலையில் மும்பையில் டிராஃப்ட் வைத்தது. ஐ.பி.எல் ஏலம்போலக் கை தூக்கி விலை ஏற்றமுடியாது. சம்பளம் முன்பே எழுதியிருக்கும், வேண்டுமானால் எடு. கொண்டோட்டிக்காரர் அனஸ் எடத்தொடிகாவை ஜம்ஷெட்பூரும், யூஜின்சன் லிங்டோவை ஏ.டி.கே-வும் எடுத்தன, இருவருக்கும் தலா 1.10 கோடி, அன்றைக்கு அதுதான் உச்சவிலை. அதே சீசனில் நம்ம இரவிபுத்தன்துறைக்காரர் மைக்கேல் சூசைராஜ் ஐ-லீக்கில் சென்னை சிட்டிக்கு ஆடிக்கொண்டிருந்தார். அடுத்த வருடம் ஜம்ஷெட்பூர் அவரைக் கூட்டிக்கொண்டு போனது. தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரையில் பந்து பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நல்ல ஆள் எப்போதும் டிராஃப்ட் மேசையில் இருப்பதில்லை.

அந்தக் கடற்கரையிலிருந்து லீக்கில் சேர்பவர்களுக்குத் தனி யோசனை வேண்டும். ஆழ்கடல் தொழிலுக்குப் போனால் வாரக்கணக்கில் சிக்னல் இல்லை. அணி போனவாரம் இருந்தபடியே தொடரும், ஆடாதவருக்குப் பதில் பெஞ்சில் வைத்த வரிசைப்படி ஆள் தானாக இறங்குவார், அதுவரை நிம்மதி. ஆனால் வேய்வர் அடுத்த வாரத்துக்கு மட்டும்தான் எழுதி வைக்க முடியும். ஆகவே கடலுக்குப் போகிறவர்கள் பயிற்சியாளர் பெப் கார்டியோலா வளர்த்த ரகத்தை, வாரம் ஒருவரை மாற்றி இறக்கும் கிளப்புகளின் ஆட்களைத் தவிர்த்துவிட்டு, நடுத்தர அணிகளில் வாரம்தோறும் இறங்கும் ஆட்களை எடுக்கவேண்டும். பெஞ்சின் முதல் இடத்தில் கட்டாயம் ஆடும் டிஃபெண்டர் ஒருவர். படகு புறப்படும் முன் ஆப்பிரிக்கக் கோப்பை எப்போது என்று பாருங்கள். 2025 டிசம்பர் 21 முதல் 2026 ஜனவரி 18 வரை நடந்ததுபோல நடுசீசனில் வந்தால் சாலா மாதிரி ஆப்பிரிக்க வீரர்கள் சில வாரம் கிளப்பை விட்டுத் தங்கள் நாட்டு அணிக்குப் போய்விடுவார்கள். விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களுக்குத் தொல்லை குறைவு. நள்ளிரவு ஆட்டம் முடியும்போது எழுந்திருக்கும் நேரமும் வந்துவிடும், அவ்வளவுதான்.

வர்த்தகம், அதாவது ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வது, அனுமதி உண்டு. நிர்வாகி ஒப்புதலோடுதான் நடக்கவேண்டும் என்று முதலிலேயே வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மார்ச் மாதம் கடைசியில் கிடப்பவன் தன் நல்ல ஆட்களை மச்சானுக்குத் தூக்கிக் கொடுப்பான். ஒரே ஆளுக்காக எல்லாவற்றையும் விற்பவன் எங்கேயும் உண்டு. 1999-ல் நியூ ஆர்லியன்ஸ் செயிண்ட்ஸ் பயிற்சியாளர் மைக் டிட்கா, ரிக்கி வில்லியம்ஸ் என்ற ஒருவருக்காக அந்த வருடத்துத் தேர்வுகள் அத்தனையும் கொடுத்து, அடுத்த வருடத்தில் இரண்டையும் கொடுத்தார். பத்திரிகை அட்டைப் படத்தில் டிட்கா மாப்பிள்ளைக் கோட்டு, வில்லியம்ஸ் மணப்பெண் கவுன். அந்த சீசனில் மூன்று ஆட்டம் வென்று பதின்மூன்றில் தோற்றார்கள். டிட்கா வேலையும் போனது.

லீக் நிர்வாகியின் போனும் பத்திரம். 2025 என்.எஃப்.எல் டிராஃப்டில் ஷெடூர் சாண்டர்ஸுக்கு ஒரு போலிப் போன் வந்தது, உங்களை எடுக்கப்போகிறோம் என்று. அட்லாண்டா ஃபால்கன்ஸ் பயிற்சியாளர் ஒருவரின் மகன், அப்பாவின் ஐபேடில் திறந்து கிடந்த நம்பரை எடுத்து விளையாடியது. கிளப்புக்கு இரண்டரை லட்சம் டாலர், அப்பாவுக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம். நம்ம லீக்குகளில் நிர்வாகியின் போனை எடுத்து வர்த்தகத்தை ஒப்புக்கொள்ளும் தம்பிமார்களுக்கு அபராதம் புரோட்டாவும் பீஃபும் போதும். காசு வைத்து ஆடவேண்டாம். 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் காசு வைக்கும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை போட்டிருக்கிறது, இந்த ஆட்டத்துக்குக் காசின் தேவையும் இல்லை.

குறைகள் உண்டு. டிராஃப்ட் முடிந்தபின் புதிதாக ஒருவரைச் சேர்க்க முடியாது. நடுவில் சலித்து விட்டுப்போனவன் அணி சீசன் முழுக்க பிணமாகக் கிடக்கும், அவனிடம் மாட்டிக்கொண்ட நல்ல வீரர்களோடு. வாரம்தோறும் இருவர் இருவராக மோதும் நேருக்கு நேர் முறையில் ஆள் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் 'சராசரி' என்ற பேய் அணி ஒன்று சேர்ந்துகொள்ளும். அதனிடம் தோற்றவன் முகத்தை ஒரு வாரத்துக்கு குரூப்பில் காட்ட முடியாது. அது குறையா நிறையா என்பது தோற்றது யார் என்பதைப் பொறுத்தது.

மதிப்பெண் கேட்டால், எட்டு பேர் லீக்குக்கு ஐந்துக்கு நாலரை. பன்னிரண்டு பேருக்கு மூன்று. பதினாறு பேர் லீக்கில், பிரீமியர் லீக் கிளப்புகளின் மூன்றாம் நம்பர் கோல்கீப்பர்கள் பெயரைத் தெரிந்துகொள்ள ஆசை உள்ளவர்கள் சேரலாம்.